களிம்பு ஏறிய தோட்டாக்கள்

வெள்ளைக்காரத் துரை அந்தத் தகரப் பெட்டியை எங்கள் வீட்டு வராந்தாவில் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் என் கணவரிடம் சொன்னார்: "கிராணி, புதுசு வாங்க கம்பெனி காசு தராது. இது பழசு. நல்லது பொறுக்கி எடு. கெட்டது வேணாம்."

எது நல்லது, எது கெட்டது என்று அவர் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மலாயாவில் கிள்ளானுக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய தென்னந்தோட்டம் அது. என் கணவர் அங்கே ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுபவர். கொப்பரை விலை படுத்துக் கிடந்த காலம். ஆட்களைக் குறைத்தார்கள், விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைக் குறைத்தார்கள், எல்லாவற்றையும் குறைத்தார்கள். அணில்கள் மட்டும் குறையவில்லை. இளங்காயின் காம்புப் பக்கம் வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதைக் குடித்துவிட்டுக் கூட்டைக் கீழே தள்ளும். காலையில் மரத்தடியில் நடந்தால் ஓட்டை விழுந்த காய்கள் காலில் இடறும். அவற்றைச் சுடத்தான் துரை தன் சின்னத் துப்பாக்கியை முறைப்படி லைசென்சு எடுத்து என் கணவர் பொறுப்பில் கொடுத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி. தோட்டா என் சுண்டு விரல் கணு அளவுதான் இருக்கும்.

அணிலைச் சுடுவது பாவம் இல்லையா என்று எனக்கு முதலில் உறுத்தியது. தேங்காய் உரிக்க வரும் ஓர் அம்மாளிடம் கேட்டேன். "ராமர் தடவுன அணிலுக்கு முதுகுல மூணு கோடு இருக்கும் கிராணியம்மா. இதைப் பாருங்க, முதுகு வெறும் பழுப்பு, வயிறு செவப்பு. இது இந்த ஊரு அணிலு, மலாய்க்காரங்க துப்பாய்ம்பாங்க. ராமருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் எந்த நேரமும் ஏதாவது ஒரு சாமான் பிரித்துப் போடப்பட்டிருக்கும். பூட்டு, கடிகாரம், தையல் மெஷின். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த பிறகு பிரிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் துரை போன சூட்டோடு அந்தப் பெட்டியைத் திறந்தவள் நான்தான்.

உள்ளே அட்டை டப்பாக்கள் ஈரத்தில் ஊதி, ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தன. அவற்றைப் பிய்த்துத் தோட்டாக்களை முறத்தில் கொட்டினேன். பித்தளைக் கூட்டின் மேல் பச்சைக் களிம்பு. முனையில் இருந்த ஈயக்குண்டின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் தூள். சிலவற்றில் அந்தக் காலத்து மெழுகு காய்ந்து பொருக்காய் நின்றது. சில, பார்க்க ஒன்றும் ஆகாதவை போல இருந்தன.

"வெயில்ல காய வைக்கலாமா? வத்தல் மாதிரி?" என்றார் என் கணவர்.

"வத்தல் வெடிக்காதுங்க" என்றேன்.

பித்தளையில் களிம்பு என்றால் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் முதலில் தோன்றுவது புளிதான். ஒரு கைப்பிடித் தோட்டாவை எடுத்துப் புளிக்கரைசலில் போட்டு, குத்துவிளக்கு துலக்குவது போலத் துலக்கினேன். தங்கம் மாதிரி வந்தன. என் கணவருக்கு ஒரே சந்தோஷம். அதில் ஒன்றைப் போட்டு மண்மேட்டைக் குறி வைத்து விசையை இழுத்தார். 'டிக்' என்றது. அவ்வளவுதான். இன்னொன்று, அதுவும் 'டிக்'. பிறகு களிம்போடு இருந்த ஒன்றை எடுத்துத் துணியால் ஒரு துடை துடைத்துப் போட்டார். 'டப்' என்று வெடித்து மேட்டில் மண் தெறித்தது.

எனக்கு அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. பளபளவென்று இருப்பது வெடிக்கவில்லை, அழுக்காக இருப்பது வெடிக்கிறது. ஏன்? வெடிக்காத தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொரு சங்கதியும் புரியவில்லை. துப்பாக்கி ஊசி அடித்த பள்ளம் அதன் பின்பக்கத்து நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. ஓரத்தில் தட்டினால் எப்படி நடுவில் உள்ள மருந்து பற்றும்?

அப்பா வீட்டு வழக்கப்படி பிரித்துப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. என் கணவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இது கடிகாரம் இல்ல. கை போயிடும். கோலாலம்பூர்ல துப்பாக்கிக் கடை இருக்கு. அங்க போய்க் கேட்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு இருக்கவும் அது ஒரு சாக்காயிற்று. சனிக்கிழமையே கிளம்பினோம். கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், என் கணவர் லைசென்சுக் காகிதத்தைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, ஒவ்வொரு ரகத்திலும் ஓரிரண்டு தோட்டாவைக் கொண்டுபோயிருந்தோம்.

கடை முதலாளி சீனர்; அங்கே அவர்களைத் தவுக்கே என்பார்கள். ஒல்லியான மனிதர், மேஜை விளக்கை நெற்றிக்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டு ஒரு துப்பாக்கியின் விசையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பேசும் பாசார் மலாய்தான். என் கணவருக்கு அது தோட்டத்தளவு வரும். எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவளவு வரும். அதனால் கேள்வி முழுவதும் நான் கேட்டேன். தவுக்கே பதிலை முதலில் என் கணவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புளி போட்டுத் துலக்கிய தோட்டாவைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதை யார் குளிப்பாட்டினது?"

"நான்தான்."

"ரொம்ப அழகு. காதுல தோடா போட்டுக்கோ. துப்பாக்கியில போடாதே."

பிறகு சுட்டு முடித்த ஒரு வெறும் கூட்டை எடுத்து எனக்குக் காட்டினார். பெரிய துப்பாக்கித் தோட்டாவுக்குப் பின்பக்கத்து நடுவில் பொட்டு வைத்தது போலத் தனியாக ஒரு மூடி இருக்கும். ஊசி அதில் அடித்தால் நெருப்புப் பிறக்கும். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு அந்தப் பொட்டே கிடையாது. அதற்குப் பதிலாகப் பின்பக்கத்து விளிம்பு உள்ளே குழியாக மடிந்திருக்கிறது. நெருப்புப் பிறக்கும் மருந்தை அந்த மடிப்புக்குள் சுற்றிலும் அப்பியிருக்கிறார்கள். ஊசி விளிம்பை நசுக்கினால் நெருப்பு உண்டாகி நடுவில் உள்ள வெடிமருந்தைப் பற்ற வைக்கும். அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர், விளிம்பில் பற்றுவது. சோமாசியின் ஓரத்தை மடித்து ஒட்டுவோமே, அந்த மடிப்புக்குள்ளேயே பூரணத்தை வைத்தது போல என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப என் தோட்டா ஏன் வெடிக்கல?"

"நீ தண்ணியில ஊற வெச்சே. குண்டுக்கும் கூட்டுக்கும் நடுவுல பழைய தோட்டாவுக்கு இடுக்கு இருக்கும். தண்ணி அது வழியா போகும், எண்ணெயும் போகும். உள்ள போனா மருந்து செத்துடும். எல்லாமே செத்தா பரவாயில்ல. பாதி செத்தா அதுதான் ஆபத்து."

பாதி செத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மேஜையில் இருந்த ஒரு குழலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "குண்டு வெளிய வராது. குழலுக்குள்ள பாதியில நின்னுடும். உனக்குத் தெரியாது. அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுடுவே. அதுக்குப் போக வழி இருக்காது." இரண்டு கையையும் சேர்த்து வைத்து, பிறகு விரல்களை விரித்துக் காட்டினார். "சத்தத்தைக் கேளு. எப்பவும் வர்ற சத்தம் வரலேன்னா நிறுத்து. குழல்ல வெளிச்சம் தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்தது."

நான் கேட்கக் கேட்க அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. காய்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். பித்தளை பாலிஷ் வேண்டாம், அது கூட்டைப் பலவீனமாக்கும். பிரஷ்ஷோ மணலோ போட்டு விளிம்பைச் சுரண்டவே கூடாது. மேலே படிந்த களிம்பு துணியில் வந்துவிட்டால் சரி. துடைத்த இடத்தில் நகம் மாட்டும்படி குழி தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். வெடிப்பு விட்டது, நசுங்கினது, குண்டு ஆடுவது எதுவும் துப்பாக்கிக்குள் போகக் கூடாது. 'டிக்' என்று மட்டும் கேட்டால் உடனே திறக்கக் கூடாது. குழலை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு நன்றாகக் காத்திருக்க வேண்டும்; சில சமயம் தாமதமாக வெடிக்கும். ஈயத்தின் மேல் உள்ள வெள்ளைத் தூள் விஷம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெற்றிலை மடிக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது என் வாயைப் பார்த்தார். நான் மென்றுகொண்டுதான் இருந்தேன்.

"கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கோ" என்றார் கடைசியாக. "பழைய கூடு பிளந்தா புகை பின்னாடி அடிக்கும்."

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பாவிடம் விளிம்பு மடிப்பை விளக்கினேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அந்த மருந்தை மடிப்புக்குள்ள எப்படி அனுப்புறான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தவுக்கேயிடம் கேட்க மறந்துவிட்டேனே என்று வந்த எரிச்சல் இருக்கிறதே! கூட்டைச் சுழற்றினால் ஈரமான மருந்து தானே ஓரத்துக்கு ஓடும் என்று அப்பாவே கொஞ்ச நேரத்தில் ஊகித்துச் சொன்னார். அம்மா, "மாப்பிள்ளைக்கு ரசம் ஊத்தணும், ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் வேலையைத் தொடங்கினோம். அடுப்படியிலிருந்து தள்ளி, வராந்தாவில் பழைய தாளை விரித்து, முறத்தில் தோட்டாக்களைப் பரப்பினேன். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான், ஆனால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து உருட்டிப் பார்க்க வேண்டும். ஆபீஸ் முடிந்து வந்து என் கணவரும் பக்கத்தில் உட்காருவார். அவர் சின்ன எழுத்து எழுதிப் பழகிய மனிதர், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தால் மயிரிழை வெடிப்பும் தெரியும். எனக்கு விரலில் தெரியும். நான் நல்லது என்று வைத்ததில் சிலவற்றை அவர் தள்ளுவார். அவர் நல்லது என்றதில் சிலவற்றை நான் தள்ளுவேன். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டது மட்டும் நல்ல டப்பாவுக்குப் போகும்.

அதுவரை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை என்று ஒன்றும் இருந்ததில்லை. அவர் ஆபீஸுக்குப் போவார், நான் சமைப்பேன், சாப்பாட்டு நேரத்தில் உப்பு சரியா என்று கேட்பேன். இப்போது அவர் வந்ததும் வராததுமாக, "இன்னைக்கு எத்தனை தள்ளினே?" என்று கேட்க ஆரம்பித்தார்.

துரையிடம் கண்ணுக்குப் போட ஏதாவது வேண்டும் என்று சொன்னபோது அவர் தன் பழைய மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கொடுத்தார். தோல் பட்டையோடு இரண்டு பெரிய வட்டங்கள். "கிராணிக்குத்தான் கண்ணாடி இருக்கே" என்றார். "இது கிராணி பெண்சாதிக்கு" என்று என் கணவர் சொன்னதும் அவர் புருவம் உயர்ந்தது. தன் கண் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும் என்று சொன்னார். முதலில் என் கணவரும் பிறகு நானும் மண்மேட்டில் சாய்த்து வைத்த தேங்காய் மட்டையைச் சுட்டோம். என் முதல் குண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது மட்டையில் பட்டது. துரை தலையை ஆட்டிவிட்டு, "கிராணி பக்கத்தில் நின்னாத்தான்" என்று நிபந்தனை போட்டு அனுமதித்தார்.

ஒரு காலையில் அது நடந்தது. கால்வாய் ஓரத்து மரத்தில் ஓர் அணில் உட்கார்ந்து காயைக் குடைந்துகொண்டிருந்தது. என் கணவர் சுட்டார். எப்போதும் வரும் 'டப்' வரவில்லை. ஈரத் துணியை உதறினது போல 'புஸ்' என்றது. அணில் அசையவே இல்லை. அது அங்கேயே இருந்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. அது ஓடுவதற்குள் சுட்டுவிட வேண்டும் என்று அவர் மடமடவென்று வெறும் கூட்டைத் தள்ளி, அடுத்த தோட்டாவைப் போட்டு, பூட்டித் தோளில் வைத்துவிட்டார்.

"சுடாதீங்க!" என்று கத்தினேன்.

"சும்மா இரு, ஓடிடும்."

"சத்தம் சரியில்லங்க. சுடாதீங்க!"

அவர் விரல் விசையில் இருந்தது. நான் துப்பாக்கியைத் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்ற பயம். அவர் முதுகுச் சட்டையை மட்டும் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். அவர் விரலை எடுத்தார். கோபத்தில் கழுத்து சிவந்திருந்தது. தோட்டாவை வெளியே எடுத்தார், பின்பக்கத்து இரும்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார், துப்பாக்கியின் பின்பக்கத்தைக் கண்ணில் வைத்து, வானத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

பிறகு என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். எப்போதும் வட்டமாக வெளிச்சம் தெரியும் குழலுக்குள் ஒரே இருட்டு.

அவர் கால்வாய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார். மேலே அந்த அணில், நடந்தது எதுவும் தன்னைப் பற்றியதல்ல என்பது போலக் காயைக் குடைந்துகொண்டிருந்தது. துருவல் எங்கள் தலையில் விழுந்தது. முதலில் சிரித்தது அவர்தான். பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு, அழுகை மாதிரியான சிரிப்பு.

வீட்டுக்கு வந்து துடைக்கும் கம்பியை உள்ளே விட்டு, மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் 'பொத்' என்று தாளில் விழுந்தது அந்த ஈயக்குண்டு. அதன் உடம்பெல்லாம் குழலின் உட்பக்கத்து வரிகள் பதிந்திருந்தன, திருகின கரும்பு போல. குழலுக்குள் அப்படி முறுக்கு வரி இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். அப்படியானால் குண்டு சுற்றிக்கொண்டே போகிறது! பம்பரம் சுற்றும்போது விழாமல் நிற்குமே, அதற்காகத்தானா? என் கணவர் என்னையே பார்த்தார். "நான் செத்துப் பிழைச்சிருக்கேன். நீ பம்பரத்தைப் பத்திக் கேக்குற" என்றார். ஆனாலும் பதில் சொன்னார். ஆமாம், அதற்காகத்தான் இருக்கும் என்றார்.

அன்று சாயங்காலம் நல்ல டப்பாவில் இருந்ததையும் முழுவதுமாகக் கொட்டி இன்னொரு முறை பார்த்தோம். தண்ணீர் புகுந்த அட்டை டப்பாவிலிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தால் போதும், வெளியே கொஞ்சமும் களிம்பு இல்லாவிட்டாலும் தள்ளினோம். அதன் பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் சத்தத்தைக் கேட்டோம். சுட்டு முடித்த அன்றே குழலில் வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் துடைத்து வைத்தோம். பழைய மருந்தின் கரி இரவோடு இரவாகத் துரு ஏற்றிவிடும் என்பதைத் தவுக்கே சொல்லியிருந்தார்.

நானும் ஓர் அணிலைச் சுட்டேன். விழுந்ததை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது. முன்பற்கள் மஞ்சளும் ஆரஞ்சுமாய், உளி போல வளைந்திருந்தன. இத்தனை சின்ன வாயால் அத்தனை கெட்டி மட்டையைத் துளைப்பது எப்படி என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு விடை கையில் இருந்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. ஆட்கள் கேட்டார்கள், கறிக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு மட்டையை மட்டும் சுட்டேன். அணில் என் கணவர் பங்கு.

மிச்சமிருந்தது தள்ளுபடித் தோட்டாக்கள். ஒரு டின் நிறைய இருந்தன. குப்பையில் போட்டால் யாராவது நெருப்பு வைப்பார்கள், புதைத்தால் யாராவது தோண்டுவார்கள். கிள்ளான் டவுன் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்று முடிவு செய்து, இரண்டு பேருமாகப் பஸ்ஸில் போனோம். மேஜைக்குப் பின்னால் ஒரு மலாய் சார்ஜன் இருந்தார். சேலை கட்டிய பெண் ஒருத்தி டின்னைத் திறந்து காட்டி, "இது வெடிப்பு விட்டது, இது குண்டு ஆடுவது, இது நான் கழுவிக் கெடுத்தது" என்று சொல்லிக்கொண்டே போனதை அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டு பதிந்த பிறகு, நாங்கள் எழுந்திருக்கும்போது, குரலைத் தாழ்த்தி என் கணவரிடம் சொன்னார்: கம்பத்தில், அதாவது அவர் கிராமத்து வீட்டில், அவருக்கும் ஒரு துப்பாக்கி உண்டாம், லைசென்சோடு, ஈரம் ஏறக் கூடாது என்று அவர் மனைவி தோட்டாவை அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருக்கிறாளாம். அது சரிதானே?

என் கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னைக்கே இறக்கச் சொல்லுங்க" என்றேன் மலாயில். "இப்பவே."

சார்ஜன் தொப்பியை எடுத்துக்கொண்டார். வேறொருவரை மேஜையில் உட்கார வைத்துவிட்டு சைக்கிளில் போனவரை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, அவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். துணியில் சுற்றிய தோட்டா டப்பாவும் ஒரு கொத்து ரம்புத்தான் பழமும் கொண்டு வந்திருந்தார்கள். ஆண்கள் இருவரும் வெளியே கொப்பரை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, ஒரு தோட்டாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் இது அவள் அடுப்புக்கு மேலே இருந்திருக்கிறது. ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லையாம்.

"இதுக்குள்ள நெருப்பு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

நான் அதன் விளிம்பைக் காட்டினேன்.